வழியனுப்பும் அம்மாள்

அமெரிக்காவில் கூட்டுக் குடியிருப்பு கட்டக் கிளம்பும் குழுக்களில் இப்படி ஒரு அம்மாளைப் பார்க்கலாம். வயது அறுபதை ஒட்டி. கையில் தடித்த ஃபைல். முதல் தாளில் உறுப்பினர் பட்டியல், பென்சிலில். பேனாவால் எழுதிய காலம் முதல் வருஷத்தோடு போயிற்று.

கூட்டுக் குடியிருப்பு என்றால் ஒண்டுக்குடித்தனம் அல்ல. குடும்பத்துக்கு ஒரு தனி வீடு, தனிச் சமையலறை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய வீடு. வாரத்தில் சில நாள் அங்கே சேர்ந்து சாப்பாடு. கார்கள் மனையின் ஓரத்திலேயே நின்றுவிடும். குடியேறப்போகிறவர்களே கூடிப் பேசித் திட்டம் போட வேண்டும் என்பதுதான் இதில் விசேஷம். பேச்சு வருஷக்கணக்கில் நடக்கும். அதற்குள் ஒருவருக்கு வேலை மாறுகிறது, ஒருவருக்கு இரட்டைக் குழந்தை பிறக்கிறது, ஒரு தம்பதி தம்பதியாகவே இல்லாமல் போகிறது. ஆள் ஆளாகக் கழன்றுகொள்கிறார்கள்.

கழலப்போகிறவரை அம்மாள் மோப்பத்திலேயே பிடித்துவிடுவார். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்துக்கு இரண்டு வருஷமாகக் கடைச் சிப்ஸ் பொட்டலத்தோடு வந்த, பட்டியலின் ஒன்பதாம் எண்காரர், ஒருநாள் வீட்டில் செய்த லசானியாவோடு வந்து நின்றார். அம்மாள் அப்போதே ரப்பரைத் தேடினார்.

அன்றைய கூட்டம் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது. ஒப்புதல் என்றால் பச்சை அட்டை, தடை என்றால் சிவப்பு அட்டை என்பது பல குழுக்களில் வழக்கம். நாய்களைக் கட்டித்தான் வைக்க வேண்டும் என்று ஏழு கூட்டங்களில் சிவப்பைத் தூக்கியவர் அவர். அன்று எல்லாவற்றுக்கும் பச்சை. தான் குடியிருக்கப்போகாத வாசலில் எந்த நாய் படுத்தால் அவருக்கு என்ன?

விலகக் காரணம் ‘குடும்பச் சூழ்நிலை’ என்றார். ஃபைலில் வேறு தாள் இருந்தது: முந்தைய வாரம் வந்த கட்டுமானச் செலவு மதிப்பீடு. சந்தா சிறிதாக இருக்கும்வரை கனவில் எல்லோருக்கும் இடம் உண்டு. மனை வாங்கப் பெருந்தொகை போட வேண்டிய மாதத்தில்தான் பலருக்கும் குடும்பச் சூழ்நிலை வருகிறது. போகிறவர் போட்ட பணம், மாற்று ஆள் வந்தபிறகே திரும்பும் என்று பல குழுக்கள் விதி வைத்திருக்கின்றன. அதனால் அவரைவிடச் சிறந்த ஆள்பிடிப்பாளர் கிடையாது. “இப்படியொரு இடம் வாய்க்காது, எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை” என்று ஊரெல்லாம் சொல்லிவருவார்.

வழியனுப்பு விழாவில் எல்லோரும் கலங்கினார்கள். பத்தாம் எண்காரியும்தான். ஆனால் சேர்ந்த வரிசைப்படியே வீடு தேர்ந்தெடுக்கலாம் என்பது அங்கே விதி. ஒரு கண்ணைத் துடைத்தவர், சுவரில் மாட்டிய வரைபடத்தில் தெற்குப் பார்த்த மூலை வீட்டை இன்னொரு கண்ணால் அளந்துகொண்டிருந்தார். அம்மாளுக்கு அழவும் நேரமில்லை. குறிப்பிட்ட அளவு வீடுகளுக்கு ஆள் உறுதியானால்தான் வங்கி கட்டுமானக் கடன் தரும். அவர் மனசில் கழித்தல் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி நாளில் அம்மாள் வரலாற்றை எடுப்பார். டென்மார்க்கில் யான் குட்மன்-ஹோயர் என்ற கட்டடக் கலைஞர் 1964-இல் நண்பர்களோடு இதே யோசனையில் இறங்கினார். கோபன்ஹேகனுக்கு வெளியே மனையும் வாங்கியாயிற்று. பிள்ளைகள் சத்தம் தாங்காது என்று அக்கம்பக்கத்தார் எதிர்க்க, திட்டம் கவிழ்ந்தது. 1968-இல் அவர் ஒரு கட்டுரை எழுத, நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஆர்வம் காட்டின. 1972-இல் செட்டடாமனில் 27 வீடுகள் எழுந்தன. மறு வருஷம் ஸ்க்ரோப்லானெட்டில் 33. கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1991-இல் மியூர் காமன்ஸ் வந்தது, 26 வீடுகள். லண்டனில் 50 வயது தாண்டிய பெண்கள் 1998-இல் தொடங்கி 2016-இல் தங்கள் 25 ஃபிளாட்டுகளுக்குக் குடிபோனார்கள்.

“அதாவது, 18 வருஷம்?” என்று புதிதாக வந்த தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அதுமுதல் லண்டன் கதையை அம்மாள் சந்தா வாங்கியபிறகே சொல்கிறார்.

முன்நின்று இழுத்துச் செல்கிறவர்களுக்கு டேனிஷ் மொழியில் ‘நெருப்பு ஆன்மா’ என்று பொருள்படும் ஒரு சொல் உண்டு. நெருப்பு அங்கே எரிவதால்தான் வீட்டு அடுப்பு அணைந்து கிடக்கிறது என்பது அம்மாளின் கணவர் கட்சி.

வீடுகளுக்குக் கூரை ஏறிய மாதம் ஒருவர் மனையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பழைய ஒன்பதாம் எண். மூலை வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப்பார்த்தார். உள்ளே பத்தாம் எண்காரி சுவருக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏதாவது வீடு மிச்சம் இருக்கிறதா?” என்றார் வந்தவர் மெதுவாக. அம்மாள் ஒன்றும் பேசவில்லை. காத்திருப்போர் பட்டியலில் கடைசி வரிக்கு வந்து பென்சிலைச் சீவினார். பிறகு அவர் கையைக் கவனித்தார்.

சிப்ஸ் பொட்டலம். அம்மாள் பேனாவை எடுத்தார்.