சரமும் சங்கேதமும்: கேள்வி-பதில்

கே: புரோட்டோகால் என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லவும்.

ப: யார் முதலில் பேசுவது, எப்படிப் பேசுவது, எப்போது முடிப்பது என்று கணினிகள் முன்கூட்டியே செய்துகொண்ட ஒப்பந்தம். சம்பந்திகளுக்கும் இது உண்டு, எழுதி வைப்பதில்லை, அதனால்தான் சண்டை.

கே: டிசிபி, யுடிபி என்ற இரண்டு புரோட்டோகால்களுக்கு என்ன வித்தியாசம்?

ப: டிசிபி, போன் பேசுவது. "ஹலோ, கேக்குதா?" "கேக்குது, உனக்கு?" "கேக்குது, சொல்லு." இந்த மூன்று வரி முடிந்த பிறகுதான் விஷயமே வரும். யுடிபி, திருவிழா மைக்செட். அறிவிப்போடு கடமை முடிந்தது, காதில் விழுந்ததா என்று விசாரிக்காது. வீடியோ அழைப்புக்குப் பெரும்பாலும் மைக்செட்தான். போன நொடியின் உதட்டசைவு இப்போது வந்து என்ன பயன்?

கே: ஐ.பி. முகவரிகள் தீர்ந்துவிட்டனவாமே?

ப: பழைய ஐபிவி4-இல் 32 பிட், மொத்தம் 429 கோடி சொச்சம். மக்கள்தொகையோ 800 கோடிக்கு மேல். மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலி. அதன்பின்னும் சமாளிக்கிறோம் என்றால் ஒண்டுக்குடித்தனம்தான் காரணம்: வெளியே ரவுட்டருக்கு ஒரு முகவரி, உள்ளே உங்கள் போன், டிவி, மடிக்கணினி எல்லாம் அதன் நிழலில். நிரந்தரத் தீர்வு ஐபிவி6. அதன் முகவரிகளின் எண்ணிக்கையை எழுத 39 இலக்கம் வேண்டும்.

கே: பைதான், மலைப்பாம்புதானே?

ப: சின்னத்தில் மட்டும்; மற்றபடி நிரல்மொழி. ஹாலந்துக்காரர் கைடோ வான் ராசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதத் தொடங்கி, 1991-இல் வெளியிட்டார். பெயர், 'மான்டி பைதான்' என்ற பிபிசி நகைச்சுவைத் தொடரிலிருந்து வந்தது.

கே: வரியின் முன்னால் ஒரு ஸ்பேஸ் கூடினால் பைதான் கத்துகிறதே?

ப: பைதானுக்கு வரி தொடங்கும் இடமும் இலக்கணம். பந்தியில் வரிசை தவறி உட்கார்ந்தால் இலை கிடையாது.

கே: கூட்டல் நிரல் எழுதினேன். 2, 3 கொடுத்தால் 23 என்கிறது. பைதானுக்குக் கணக்கு வராதா?

ப: நன்றாகவே வரும். 'இன்புட்' எதை வாங்கினாலும் எழுத்துச் சரமாகத்தான் தரும். பூக்காரம்மா இரண்டு சரத்தைச் சேர்த்தால் ஒரு நீளச் சரம்தானே கிடைக்கும்? 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்டுங்கள்.

கே: 'தமிழ்' மூன்றெழுத்து. பைதானில் 'லென்' போட்டால் 5 வருகிறதே, பிழையா?

ப: இந்த வாரத்தின் சிறந்த கேள்வி. பைதான் எண்ணுவது யூனிகோட் குறிகளை: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஆக ஐந்து. அதையே நெட்வொர்க்கில் அனுப்ப யுடிஎஃப்-8 பைட்டுகளாக்கினால் குறிக்கு மூன்று வீதம் 15. தொல்காப்பியருக்கு 3, பைதானுக்கு 5, கம்பிக்கு 15; மூன்றும் சரி.

சொல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். புள்ளி அநாதையாக முன்னால் வந்து நிற்கும். ம-வின் கொக்கியை ழ பிடுங்கிக்கொண்டு 'ழி' ஆகிவிடும். ஆங்கிலத்திலேயே பாடம் படிக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் கண்ணில் படுவதே இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் முதல் வாரமே இதில் கைவைக்க வேண்டும் என்பேன். எழுத்தை எழுத்தாகவே எண்ணித்தர 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவச நிரலகம் இருக்கிறது.

கே: நெட்வொர்க்கும் பைதானும் சேர்த்துப் பழக என்ன செலவாகும்?

ப: காலணா இல்லை, இணைய இணைப்புகூட வேண்டாம். 127.0.0.1 என்பது உங்கள் கணினி தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் முகவரி. இரண்டு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் கேட்கும் நிரல், மற்றதில் அனுப்பும் நிரல். பைதானின் 'சாக்கெட்' நிரலகத்தின் துணையோடு இருபது வரிக்குள் முடியும். இன்றிரவே எழுதுங்கள், முதல் செய்தியாக உங்கள் பெயரைத் தமிழில் அனுப்புங்கள். பைட்டாக மாற்றாமல் அனுப்பினால் பைதான் மறுத்துவிடும்.