கருவியும் கருமணலும்

கூடங்குளம் அணுஉலைக்கு அஞ்சி, கதிர்வீச்சை எண்ணிக் காட்டும் கெய்கர் கருவியையும், கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்கும் பொட்டாசியம் அயோடைடு மாத்திரையையும் வாங்கிவைக்கும் திருவனந்தபுரத்துக் குடும்பத்தலைவர், அக்கருவியோடு வடக்கே சவறா கடற்கரைக்குப் போகாதிருப்பது நலம். தோரியம் பொதிந்த கனிமமாகிய மோனசைட் கலந்த மணல் அங்கே கிடப்பதால், எந்த உலையும் வெடிக்காமலேயே கருவி படபடக்கும், மாத்திரையோ தோரியத்துக்குச் சிறிதும் உதவாது. அருகிலுள்ள கருநாகப்பள்ளி மக்களை நெடுங்காலம் ஆராய்ந்த, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் உள்ளிட்ட குழு, இக்கதிர்வீச்சால் புற்றுநோய் மிகவில்லை என்று 2009-இல் எழுதியது அக்குடும்பத்தலைவரின் காதில் விழாது. விழுந்தால் கருவி வாங்கிய பணம் உறுத்தும். 1947-இல் திவான் சர் சி. பி. இராமசுவாமி ஐயர் தனித் திருவிதாங்கூருக்குத் துருப்புச்சீட்டாகக் கொண்டதும் இம்மணலையே. எனினும் அவரை அசைத்தது கதிர்வீச்சன்று, இசைநிகழ்ச்சியொன்றில் விழுந்த வெட்டு.