முடியாத கார்: திருச்சானூர்க் கொட்டகை ஒன்றை முன்வைத்து

பழைய பந்தயக் காரை நகலெடுக்கத் தொடங்கி நடுவில் நிறுத்தியவரை ஊர் சோம்பேறி என்கிறது. இது மேம்போக்கான முடிவு. அரைகுறைக் கார் தனக்கென வரலாறும் சட்டத் தகுதியும் கொண்ட தனி இனம் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். ஆய்வு மாதிரி, திருச்சானூரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில், நான்கு ஸ்டூல்களின் மேல் இருக்கிறது.

முதலில் மூலபாடம். 1957-இல் காலின் சாப்மேனின் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' காரை வெளியிட்டது. இரும்புக் குழாய்க் கூடு, மேலே அலுமினியத் தகடு, 1172 சி.சி. ஃபோர்டு எஞ்சின், 40 குதிரைத்திறன். எடை சுமார் அரை டன். முழுக் காராக வாங்கினால் வரியோடு 1036 பவுண்டு; பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் 536. அன்றைய பிரிட்டிஷ் கொள்முதல் வரி பாகங்களுக்குக் கிடையாது. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி விழும் என்று கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டாராம். கதை கிடக்கட்டும். முடிக்காத காருக்குச் சலுகை உண்டென்று ஓர் அரசாங்கமே ஒப்புக்கொண்டதே, அதைக் கவனிக்க வேண்டும். 1973-இல் அந்த வரி ஒழிந்தது. அதே ஆண்டு செவனும் கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்குப் போனது.

1996-இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டில் இப்படியொரு காரை நீங்களே கட்டலாம் என்று புத்தகம் போட்டார். சதுரக் குழாயும் பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டும் போதும் என்பது அவர் கட்சி. திருப்பதிப் பழைய இரும்புக் கடைகளில் எஸ்கார்ட்டுக்கு எங்கே போவது? மாருதி 800 கிடைக்கும்; ஆனால் அதன் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை இழுக்கும். செவனுக்கோ எஞ்சின் நெடுக்காக இருந்து பின்சக்கரத்தைத் தள்ள வேண்டும். ஆகவே அந்த அமைப்புள்ள மாருதி ஆம்னி. 796 சி.சி.; திறன் சாப்மேனின் நாற்பதுக்குச் சற்றே குறைவு. வெல்டரிடம் 'பந்தயம்' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சிரிப்பில் வெல்டிங் கோணிவிடும்.

கோவையில் கரிவரதன் என்பவர் மாருதி எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டி முடிக்கவில்லையா என்று மறுப்பாளர் கேட்பர். முடித்தார். அவர் பெயரில் அங்கே பந்தயத் தடமே இருக்கிறது. ஆனால் பட்டறையும் அறிவும் உள்ளவர்கள் இவ்வாய்வின் எல்லைக்குள் வரமாட்டார்கள்.

இனிச் சட்டம். பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆம்னியைச் செவனாக்கித் தெருவில் விட்டால் வம்பு. ஸ்டூல் மேல் நிற்கும் கூட்டை எந்த ஆர்.டி.ஓ.வும் மறிக்க முடியாது. எஞ்சின், டயர், இருக்கை எதுவும் இல்லாததால் எடையிலும் அது சாப்மேனை வென்றுவிடுகிறது.

எஞ்சின் இல்லாதது வண்டியா என்போர், கார்த்திகை பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் இங்கே வந்து கோயில் தாயாரின் தேரைப் பார்க்கட்டும். முடிக்காதது இழுக்கு என்போர் ஸ்ரீரங்கம் ராயகோபுரத்தைக் கேட்கட்டும்; நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்று 1987-இல்தான் 236 அடிக்கு உயர்ந்தது. செலவைப் பற்றி வீட்டில் எழும் மறுப்புக்கு உள்ளூர்ச் சான்றே உண்டு: தாயாரின் கல்யாணத்துக்குப் பெருமாள் குபேரனிடம் வாங்கிய கடன் கலியுகம் முடியும்வரை அடையாது. இந்தச் சான்று வீட்டில் இன்னும் ஏற்கப்படவில்லை.

வாசகர் எவரிடமாவது ஆம்னியின் பின் ஆக்சில் சும்மா கிடந்தால் தெரிவிக்கவும். அவசரமில்லை.