டிஸ்சார்ஜ் ஆன பத்தாம் நாள்

கே: அப்பாவை டிஸ்சார்ஜ் செய்து பத்தே நாளில் மறுபடி அட்மிட். ஆஸ்பத்திரிக்காரர்கள் பில்லுக்காகச் செய்கிற வேலையோ?

ப: பில்லே போடாத அரசு ஆஸ்பத்திரிக்கும் பெரியவர்கள் இப்படித்தான் திரும்பி வருகிறார்கள். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டுக் கணக்கை அலசி 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. வீடு போனவர்களில் ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் மறுபடி படுக்கையில். ஆபரேஷன் இல்லாமல் சிகிச்சை பெற்றுப் போய், அப்படித் திரும்பியவர்களில் பாதிப் பேருக்கு இடையில் எந்த டாக்டரையும் பார்த்ததாக பில்லே இல்லை. பில் இல்லாததுதான் அங்கே வினை!

கே: அதே வியாதிதானே திரும்புகிறது?

ப: அதுதான் இல்லை. இதயச் செயலிழப்புக்குப் படுத்துத் திரும்பி வருபவர்களில் மூன்றில் இரண்டு பேர் வேறு கோளாறோடு வருகிறார்கள். நிமோனியா, கிட்னி, கீழே விழுந்தது என்று. யேல் பல்கலைக்கழக டாக்டர் ஹார்லன் க்ரம்ஹோல்ஸ் 2013-ல் காரணத்தை ஆஸ்பத்திரிக்குள்ளேயே தேடினார். நடுராத்திரியில் ஊசி, விடியுமுன் ரத்தம் எடுப்பு, டெஸ்டுக்காகப் பட்டினி, நாள் முழுக்கப் படுக்கை. எழுபத்தைந்து வயதுக் கால் ஒரு வாரம் தரையில் படாவிட்டால் வலு போய்விடும். வியாதியை விரட்டிவிட்டு ஆளைத் தளர்த்தி அனுப்புகிறோம். வீட்டுக்கு வந்ததும் நாமும் “அசையாதீங்க”ன்னு கட்டிலோடு சேர்த்து வைக்கிறோம்!

கே: மாத்திரையெல்லாம் தவறாமல் கொடுக்கிறோமே?

ப: பழையதையும் சேர்த்தா? ஒரே பிரஷர் மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில், ஒன்று பழைய டப்பாவிலும் ஒன்று புதுக் கவரிலும் இருக்கும். இரண்டையும் விழுங்கினால் தலைசுற்றி விழ வேண்டியதுதான். டிஸ்சார்ஜ் அன்றே பழைய டப்பாவை டாக்டர் மேஜையில் கொட்டி, எது வேண்டாம் என்று கேளுங்கள்.

கே: கல்யாணத்துக்குப் போகிற அன்று மட்டும் அம்மா நீர் மாத்திரையை விட்டுவிடுகிறார். ஒரு நாள்தானே?

ப: மண்டபத்து பாத்ரூமை நினைத்தால் அம்மா மேல் கோபம் வரவில்லை. ஆனால் பந்தியில் அப்பளமும் ஊறுகாயும் வேறு இருக்கிறதே. மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கல்யாணச் சாப்பாடு அல்ல, நீர். அன்றே போன் போடுங்கள்.

கே: ஆஸ்பத்திரிக்கு அபராதம் போட்டால் சரியாகாதா?

ப: அமெரிக்காவில் 2012 அக்டோபர் முதல் போடுகிறார்கள், மெடிகேர் தரும் தொகையில் 3 சதவீதம் வரை. மறு அட்மிஷன் குறைந்தது. வந்தவரை அட்மிட் என்று எழுதாமல் ‘கண்காணிப்பு’ என்று எழுதினால் எண்ணிக்கை குறையாதா என்று கேட்பவர்களும் அங்கே உண்டு.

கே: டிஸ்சார்ஜ் சம்மரியை யாரிடம் விளக்கச் சொல்ல வேண்டும்?

ப: வழக்கமாக, அன்று இரவே பெங்களூர் பஸ் ஏறப்போகும் மகனிடம் விளக்குகிறார்கள். மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போகும் மருமகளையோ பாட்டியையோ கூப்பிடச் சொல்லுங்கள்.