நூறு வாட் பூதம்

ஆரம்பாக்கத்துக்காரர்களுக்கு ராக்கெட் ஒன்றும் அதிசயமில்லை. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. ஏவுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்பார்கள். வலையைக் கரையில் போட்டுவிட்டு அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். 1980-லேயே அங்கிருந்து ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் விட்டாயிற்று. அதே அரசாங்கம், ஒரு குண்டு பல்பு அளவுக்கு, நூறு வாட் ரேடியோவைக் கல்லூரிகளிடம் நம்பிக் கொடுக்க 2002 டிசம்பர் வரை யோசித்தது.

பழி 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் மேல். ரேடியோவுக்கும் அதுதான் பூட்டு. அப்போது மார்க்கோனிக்குப் பதினொரு வயது. பையன் பெரியவனாகி என்ன கண்டுபிடிப்பான் என்று தெரியாமலேயே வெள்ளைக்காரன் பூட்டைச் செய்து வைத்தான். போகும்போது மறக்காமல் சாவியை டெல்லியில் விட்டுப் போனான்.

பூட்டை ஆட்டியது கிரிக்கெட். 1993-ல் ஹீரோ கோப்பையை டிவியில் யார் காட்டுவது என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் மல்லுக்கட்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1995 பிப்ரவரியில் ‘அலைவரிசை பொதுச்சொத்து’ என்று தீர்ப்பு வந்தது. ஏழையின் பேச்சுரிமை எந்தெந்த வாசல் வழியாகவெல்லாம் வருகிறது பாருங்கள்!

பொதுச்சொத்து சரி, பொதுஜனத்திடம் கொடுக்க முடியுமா? முதலில் கல்வி நிறுவனங்களுக்கு என்றார்கள். அங்கே துணைவேந்தர் இருக்கிறார். அவருக்குப் பயம் இருக்கிறது. 2004 பிப்ரவரி 1 அன்று கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எஃப்.எம்.’ தொடங்கியது. திறந்து வைக்கத் துணைப் பிரதமர் அத்வானியே வந்தார். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் கரகரப்பு மட்டுமே கேட்கும் நிலையத்துக்கு அவ்வளவு பெரிய கத்தரிக்கோல்! ஆனால் மைக் மாணவர்களோடு நிற்கவில்லை. சுற்றுவட்டாரக் குடிசைப் பகுதிப் பெண்கள் வந்து உட்கார்ந்து உடம்பு, குப்பை, குடும்பம் என்று தாங்களே நிகழ்ச்சி செய்தார்கள். கல்லூரி ரேடியோ ஊர் ரேடியோவாக மாற ஆரம்பித்தது அங்கேதான்.

அந்தப் பக்கம், அப்போதைய ஆந்திராவின் மேடக் மாவட்டம் மாச்சனூரில் தலித் பெண்கள் 1998-லிருந்தே ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். அனுமதிதான் இல்லை. பேசியதையெல்லாம் கேசட்டில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. 2008 அக்டோபர் 15-ல் அவர்களுடைய ‘சங்கம் ரேடியோ’ காற்றில் ஏறியது. 2016-ல் பாம்பனில் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ வந்தது, 90.4-ல். துணைவேந்தர் கிடையாது. நாடு கவிழவில்லை.

இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள்: சமுதாய வானொலியில் செய்தி, அரசியல் கூடாது. புயல் வருகிறது எனலாம், அது வானிலை. டீசல் விலை ஏன் ஏறியது என்று அலசினால் நடப்பு விவகாரம். செய்தி கேட்டே ஆகவேண்டுமா? ஆகாசவாணிச் செய்தியை ஒரு சொல் மாற்றாமல் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். தன் கரையில் நடந்ததைப் பாம்பன்காரர் டெல்லி சொல்லித் தெரிந்துகொள்வார்.