கவனம் திரும்பி வருமா?

கே: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் கை கால் தேறிவிட்டது. ஆனால் கடைக்கு அனுப்பினால், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறார். சோம்பலா? (வாசகி, தக்கலை)

ப: மூளையில் பட்ட காயம் அம்மா அது. வெளியே தெரியாததால் திட்டு வாங்குகிறார், பாவம். திட்டை நிறுத்துங்கள், அவரிடம் பேசும்போது டி.வி.யையும் நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஒரு ஆள் குரல். சட்டைப் பையில் சீட்டு எழுதி வையுங்கள்.

கே: பக்கவாதத்துக்குப் பிறகு, இலையின் இடப்பக்கம் வைத்த உப்பேரியை மாமா தொடுவதே இல்லை. கண்ணில் கோளாறா? (பூதப்பாண்டி)

ப: கண் பார்க்கிறது, மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. மூளையின் வலப்பாதி அடிபட்டவர்களிடம் இது அதிகம். சிலர் இடது கன்னத்தில் சவரம் செய்யாமலும் விட்டுவிடுவார்கள். இலைக்கு இடது ஓரத்தில் சிவப்பு ரிப்பன் ஒன்றை வையுங்கள். அதைக் கண்டுபிடித்த பிறகே சாப்பாடு. பேப்பர் வாசிக்கும்போதும் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு. பேரப்பிள்ளைகள் இடப்பக்கம் உட்கார்ந்து கதை பேசட்டும். தலை திரும்பத் திரும்பத்தான் பழகும். குடிதண்ணீரை மட்டும் வலப்பக்கமே வையுங்கள், தாகத்தில் பரீட்சை வேண்டாம்.

கே: இந்தக் கவனப் பயிற்சிக்கெல்லாம் பெரிய மெஷின் வேண்டுமா? (குளச்சல்)

ப: முறமும் தானியமும் போதும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் கவனப் பயிற்சிக்குக் கலந்த தானியத்தைப் பிரிக்கச் சொல்வார்கள். அச்சடித்த பக்கத்தில் ஒரே எழுத்தைத் தேடிக் கோடிட்டு அடிக்கவும் சொல்வார்கள். நேரத்தையும் தவறையும் நோட்டில் குறியுங்கள். தவறு கூடினால் களைத்துவிட்டார் என்று அர்த்தம், அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். ஆனால் ஒன்று: 2019-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பயிற்சியின் பலன் நெடுநாள் நிற்பதற்குப் போதிய சான்று இல்லை என்கிறது. ஆகவே தானியம் பிரிப்பதோடு நில்லாமல், அவருக்கு வேண்டிய வேலையையே பழக்குங்கள். கடைக்காரருக்குச் சில்லறை எண்ணித் தருவதும் பயிற்சிதான்.

கே: எங்கள் ஊர் செய்குத்தம்பிப் பாவலர் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்தார். என் அண்ணனுக்கு இரண்டு விஷயமாவது வருமா? (இடலாக்குடி)

ப: பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார், அது வாழ்நாள் பயிற்சி. அண்ணன் முதலில் ஒன்றில் நிலைக்கட்டும். பிறகு சத்தத்துக்கு நடுவே அதே வேலை, அப்புறம் இரண்டு வேலைகளை மாற்றி மாற்றி. இரண்டையும் சேர்த்துச் செய்வது கடைசிப் படி.

கே: அண்ணன் பைக் சாவியைக் கேட்கிறாரே?

ப: கொடுக்காதீர்கள். வடசேரிச் சந்தை நெரிசலில் வண்டி ஓட்ட அந்தக் கடைசிப் படியும் வேண்டும். மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை பின்சீட்டு.