கெட்டுப்போச்சுக்காரர்

தொலைக்காட்சித் தொடரின் பார்வையாளர் என்றவுடன், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி அடுப்பில் பால் பொங்குவதை மறந்து அமர்ந்திருக்கும் பெண்ணையே தமிழ்ப் பத்திரிகைகளின் துணுக்குப் பக்கங்கள் நீண்ட காலமாக வரைந்து வந்திருக்கின்றன. தொடர் எதையும் பார்ப்பதே இல்லை என்று சாதித்துக்கொண்டே, அதன் ஒவ்வொரு நாள் நிகழ்வையும் பிசகாமல் ஒப்பிக்கவும், அது எந்தக் கிழமையில் கெட்டுப்போனது என்று தீர்ப்புச் சொல்லவும் வல்ல ஆண்மகனை அவை கண்டுகொண்டதில்லை. கெட்டுப்போச்சுக்காரர் என்று இங்கே பெயரிடப்படும் இவர் தமிழ்நாடெங்கும் காணப்படுபவரே. ஆயினும், நாமக்கல் மாவட்டம் இராசிபுரம் வட்டத்தைச் சேர்ந்த வெண்ணந்தூரைப் போன்ற விசைத்தறி ஊர்களில் இவர் தனிச் செழிப்போடு விளங்குகிறார். ஏனெனில் வீடும் தறிப்பட்டறையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் அத்தகைய இடத்தில், வேலை பார்ப்பதாகவும் தொடர் பார்ப்பதாகவும் ஒரே நேரத்தில் இருப்பதற்கு வேண்டிய வசதி இயல்பாகவே அமைந்திருக்கிறது.

இவருடைய முதல் அடையாளம், அவர் நிற்கும் இடம். தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே போட்டிருக்கும் நாற்காலியில் அவர் ஒருபோதும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் அது பார்ப்பதாகிவிடும். பட்டறைக்கும் நடைக்கும் இடையிலுள்ள நிலைப்படியில் ஒரு தோளைச் சாய்த்து, கையில் ஒரு தார்க்குச்சியோ சோற்றுத் தட்டோ ஏந்தி, எந்தக் கணத்திலும் கிளம்பிவிடப் போகிறவரைப் போலவே அரை மணி நேரமும் நிற்பார். உள்ளே தார் சுற்றிக்கொண்டிருக்கும் மனைவி, ஊடைக்கு வேண்டிய நூலைக் குச்சியில் ஏற்றும் கை நிற்காமலேயே, "மாத்திரட்டுங்களா?" என்று ரிமோட்டைத் தேடினால், "இருக்கட்டும், நீ பாரு" என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலோ, "நான் எங்கீங்க பார்க்கறேன், போறப்ப வர்றப்பக் காதுல விழுகுது" என்பதே பதில். நாலு தறி ஓடும் பட்டறையில், அருகில் நிற்பவர் கத்திச் சொல்வதே காதில் விழாது என்பதை வெண்ணந்தூரில் எவரும் அவருக்கு எடுத்துச் சொல்வதில்லை. கேட்பவர் வீட்டு நிலைப்படியிலும் தோள் பட்டுத் தேய்ந்த தடம் ஒன்று இருப்பதே காரணம்.

இரண்டாவது அடையாளம், எந்தத் தொடரையும் அதன் கெட்ட நாளைக் கொண்டே அவர் நினைவில் வைத்திருப்பது. தொடக்கத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதை எந்த இடத்தில் இழுவையாக மாறியது என்பதற்கு அவரிடம் தீர்மானமான நோய்க்குறிகள் உண்டு. ஒருவர் நடித்துவந்த பாத்திரத்தில் வேறொருவர் திடீரென்று தோன்ற, திரையின் அடியில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஓடும் ஒரு வரி முதற்குறி. தனித்தனியே ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு தொடர்களின் குடும்பங்களை ஒரே கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய்ச் சேர்த்து, இரண்டு நேரங்களையும் இணைத்து ஒளிபரப்பும் 'மகாசங்கமம்' அதைவிடக் கடுமையான குறி. ஒரு சொல் சொல்லப்பட்டதும் அறையிலுள்ள அத்தனை முகங்களையும் இடியோசையோடு மும்மூன்று முறை காட்டுவது, கதாநாயகி விபத்தில் நினைவிழப்பது, இறந்தவர் அதே முகத்தோடு வேறு பெயரில் திரும்புவது ஆகியவை முற்றிய நிலையின் அறிகுறிகள். விஜய் தொலைக்காட்சியில் 2019-இல் தொடங்கிய 'பாரதி கண்ணம்மா'வில், மருத்துவராகிய கணவன் தன் குழந்தையின் பிறப்பைப் பற்றிய சந்தேகத்தை ஒரு டிஎன்ஏ சோதனையால் தீர்த்துக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் வளர்த்துவந்தபோது, "ஒரு டெஸ்ட்டு எடுத்தா முடிஞ்சுதுங்க, டாக்டருங்க அவன்!" என்று டீக்கடையில் இவர் எழுப்பிய குரலில், அந்தக் குடும்பத்தின் சம்பந்தியாருக்கு இருக்கக்கூடிய உரிமை தொனித்தது. 2023-இல் அத்தொடர் முடிந்து, கையோடு அதே பெயரில் இரண்டாம் பருவம் தொடங்கிச் சில மாதங்களிலேயே மூடப்பட்டபோது, முடிந்ததற்காக மகிழ்வதா, முடித்த முறைக்காகச் சினப்பதா என்று புரியாமல் இரண்டையும் அவர் ஒருசேரச் செய்தார்.

பருவம் என்பது இங்கே ஆங்கிலத் தொடர்களின் 'சீசன்' என்னும் முறையைக் குறிக்கும். அங்கே ஆண்டுக்குச் சில வாரங்கள் ஒளிபரப்பி, இடைவெளி விட்டு, அடுத்த ஆண்டு தொடர்வார்கள். தமிழில் வாரத்துக்கு ஐந்தாறு நாள் இடைவிடாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமையிலோ சனிக்கிழமையிலோ முடித்து, திங்கட்கிழமை இரண்டாம் பருவத்தைத் தொடங்குவதும் அதே பெயரால் வழங்குகிறது. 2018 அக்டோபரில் தொடங்கிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' 2023 அக்டோபரில் முடிந்து, அம்மாதமே அதன் இரண்டாம் பகுதி தொடங்கியது. முதற்பகுதியில் தம்பிமாரைக் கட்டிக்காத்த அண்ணனாக நடித்தவரே இரண்டாம் பகுதியில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தகப்பனாக வந்து நின்றார். இதற்குக் கெட்டுப்போச்சுக்காரர் தம் தொழிலிலிருந்தே விளக்கம் சொன்னார். தறியில் ஒரு பாவு, அதாவது நெடுக்கு நூல்களின் தொகுதி, தீரும் தறுவாயில் அதைக் கழற்றி எறியாமல், அதன் ஒவ்வோர் இழை நுனியிலும் புதிய பாவின் இழையை முடிந்து விடுவார்கள். அச்சிலும் விழுதிலும் மீண்டும் நூல் கோக்கும் வேலை மிச்சமாகும், தறியும் நில்லாமல் ஓடும். பாவு பிணைத்தல் எனப்படும் இம்முறையில் இழை புதியது, நெய்யும் துணி மட்டும் பழைய துணியே. "ஆளை மாத்தறாங்க, பேரை மாத்தறாங்க, சேலை அதேதானுங்க" என்பது அவர் கூற்று. இதைவிடத் துல்லியமாக ஒரு விமரிசகர் எழுதிவிட முடியுமா என்பது ஐயமே.

பழைய தொடர்களைப் பற்றிப் பேசும்போது இவருடைய குரல் இளகும். ராதிகா நடித்து 1999 இறுதியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய 'சித்தி', திருமுருகன் இயக்கத்தில் 2002 முதல் 2005 வரை ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனின் கதையாக ஓடிய 'மெட்டி ஒலி', தேவயானி நடித்து 2003 முதல் 2009 வரை 1,500 பகுதிகளுக்கும் மேல் சென்ற 'கோலங்கள்' ஆகிய மூன்றும் இவருக்கு மும்மணிகள். மூத்த மகளுக்குக் காது குத்தியது முதலாவதன் காலத்தில் என்றும், கூரையை மாற்றி ஓடு போட்டது இரண்டாவதன் காலத்தில் என்றும், அக்கம்பக்கத்தில் கைத்தறிக் குழிகளை மூடி விசைத்தறி இறக்கியது மூன்றாவதன் காலத்தில் என்றும் கணக்குச் சொல்வார். அவை ஒருநாளும் கெடவில்லை என்பது அவர் வாதம். இந்த வாதத்துக்கு 2020-இல் ஒரு சோதனை வந்தது. கொரோனா ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்றுபோய்ப் புதிய பகுதிகள் இல்லாமற்போகவே, சன் தொலைக்காட்சி 'மெட்டி ஒலி'யை மீண்டும் ஒளிபரப்பியது. தறியும் நின்றிருந்த அந்நாட்களில், வாழ்க்கையில் முதல்முறையாக இரைச்சலில்லாமல், நாற்காலியில் உட்கார்ந்தே அதைப் பார்த்த கெட்டுப்போச்சுக்காரர் மூன்றாம் வாரத்திலேயே நெளியத் தொடங்கினார். அன்றும் சம்பந்தி வீட்டு வாசலில் ஒரு பேச்சு முடிய நாலு நாள் பிடித்திருக்கிறது. அன்றும் கண்ணீர் நிற்கவில்லை. "நீங்க அப்பவும் இதையேதான் சொன்னீங்க" என்று மனைவி நினைவூட்டினார். சற்று யோசித்த அவர், பழைய தொடருக்குள் இப்போது எதையோ சேர்த்து நீட்டியிருக்கிறார்கள் என்று அறிவித்துவிட்டு எழுந்துபோனார்.

நீட்டுகிறார்கள் என்ற அவருடைய பொதுக் குற்றச்சாட்டு தவறன்று. அதன் காரணத்தைத்தான் அவர் தவறான வீட்டில் தேடுகிறார். கதாசிரியருக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது என்பது அவர் முடிபு. உண்மையில், தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்தைக் கட்டணம் செலுத்தி எடுத்துக்கொண்டு, அதற்குள் அமையும் விளம்பர நிமிடங்களை விற்று முதலை மீட்கும் முறை சன் தொலைக்காட்சியில் நெடுங்காலம் இருந்தது. நல்ல நேரத்தில் அமர்ந்துவிட்ட தொடரை முடிப்பது, ஓடுகிற தறியைத் தானே நிறுத்துவதற்குச் சமம் என்றால் அவருக்கே உடனே விளங்கும். முறைகள் மாறிய பின்னும் கணக்கு மாறவில்லை. டிஆர்பி எனப்படும் பார்வையளவை இப்போது பார்க் என்னும் அமைப்பு திரட்டுகிறது; நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரு கருவி பொருத்தப்பட்டு, நிகழ்ச்சியின் ஒலியில் மனிதச் செவிக்குப் புலப்படாதபடி பதிக்கப்பட்ட முத்திரையைக் கொண்டு எந்த அலைவரிசை ஓடுகிறது என்பதை அது குறித்துக்கொள்கிறது. பெட்டியிலிருந்து வரும் முத்திரையைக் கேட்கும் அக்கருவி, நிலைப்படியிலிருந்து வரும் வசவைக் கேட்பதில்லை. 'சந்திரலேகா' என்னும் தொடர் 2014 முதல் 2022 வரை 2,300 பகுதிகளுக்கும் மேல் ஓடியதற்கு, அதை விரும்பிப் பார்த்தவர்களோடு திட்டிப் பார்த்தவர்களும் பங்காளிகள். இருவரையும் பிரித்தெண்ணும் வழி விளம்பரதாரருக்கும் தேவைப்படவில்லை.

இவ்வகையினர் வெண்ணந்தூருக்கோ தமிழுக்கோ மட்டும் உரியவர் என்று கருதிவிடக் கூடாது. 1987-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 52 பகுதிகளுக்கே திட்டமிடப்பட்டது; 78 வரை நீண்டது. பட்டாபிஷேகத்தோடு முடியவிருந்த நிலையில், உத்தரகாண்டத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று 1988-இல் பஞ்சாபின் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, லவன், குசன் கதை தனித் தொடராக எடுக்கப்பட்டது. வால்மீகியைத் தம் குலகுருவாகப் போற்றும் அம்மக்களுக்கு அந்தக் கோரிக்கையில் மானப் பிரச்சினை இருந்தது என்பது வேறு கதை. இரண்டாம் பருவம் வேண்டும் என்று தெருவில் இறங்கிக் கேட்ட முதல் இந்தியப் பார்வையாளர்கள் அவர்களாகவே இருக்கக்கூடும். அமெரிக்காவில் 'ஹேப்பி டேஸ்' என்ற நகைச்சுவைத் தொடரின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவன் 1977-இல் நீர்ச்சறுக்கில் ஒரு சுறாமீனைத் தாண்டிக் குதித்தான். ஒரு தொடர் கெட்டுப்போகும் கணத்துக்குச் 'சுறாவைத் தாண்டுதல்' என்பதே அந்நாட்டில் பின்னாளில் வழக்காயிற்று. குதித்த பிறகும் அத்தொடர் 1984 வரை ஓடியது என்பதைப் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கெட்டுப்போச்சுக்காரரின் மகன் பெங்களூரில் கணிப்பொறி வேலை பார்ப்பவன். அப்பா சீரியலுக்கு அடிமையென்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பவன். 2019-இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற ஆங்கிலத் தொடர் எட்டாம் பருவத்தோடு முடிந்தபோது, அப்பருவத்தைத் தகுந்த எழுத்தாளர்களைக் கொண்டு மீண்டும் எடுக்க வேண்டும் என்று 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணையத்தில் ஒப்பமிட்டனர். அவர்களில் அவனும் ஒருவன். தார்க்குச்சிக்குப் பதிலாகக் கைப்பேசி, நிலைப்படிக்குப் பதிலாக மெத்தை. மற்றபடி பரம்பரை மாறவில்லை.

கெட்டுப்போச்சுக்காரர் வாயடைத்து நின்றதும் உண்டு. திருச்செல்வம் இயக்கத்தில் 2022-இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரில், வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் 'இந்தாம்மா' என்ற அதட்டல் தறிப்பட்டறைகளுக்குள்ளும் புழங்கிற்று. அத்தகைய அதட்டலைத் தம் வீட்டிலும் ஒருமுறை முயன்று பார்த்த கெட்டுப்போச்சுக்காரருக்கு அன்றிரவு சாப்பாடு தாமதமாயிற்று. 2023 செப்டம்பர் 8 அன்று மாரிமுத்து காலமான செய்தி வந்தபோது, அந்தப் பாத்திரத்தை மாதக்கணக்கில் வைதவர்களே, உறவில் ஒருவர் போனதைப் போல டீக்கடையில் பேச்சற்று நின்றார்கள். பிறகு எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அவ்விடத்துக்கு வந்தார். 'இவருக்குப் பதில் இவர்' என்ற வரிக்கு எப்போதும் சீறுகிறவர் அன்று சீறவில்லை. ஒரு வாரம் பொறுத்து, "இவரும் நல்லாத்தான் பண்றாருங்க, கதைதான் கெட்டுப்போச்சு" என்று தம் நிலைக்குத் திரும்பினார். 2024 ஜூனில் தொடர் முடிந்த இரவு, "விட்டது சனி" என்றார். அடுத்த சில மாதங்கள் ஒன்பதரை மணி அளவில் அவர் நிலைப்படிக்கு வருவதும், அங்கே ஓடும் புதிய தொடரில் யார் யாருக்கு என்ன உறவு என்று விளங்காமல் பட்டறைக்குத் திரும்புவதுமாக இருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' தொடங்கியது. முதல் நாளே அது கெட்டுப்போய்விட்டதாக அவர் அறிவித்தபோது, வீட்டில் அனைவருக்கும் ஒரு நிம்மதி ஏற்பட்டது.

வெண்ணந்தூருக்கு நூல் விலை பேசவோ, கூலி பாக்கி கேட்கவோ, பெண் கேட்கவோ இரவு வேளையில் செல்ல நேர்பவர்கள், விளம்பர இடைவேளை வரும்வரை வாசலிலேயே பொறுத்திருப்பது நல்லது. "சும்மா சொல்லுங்க, நான் அதைப் பார்க்கறதில்லைங்க" என்று அவர் சொல்வார். அதை நம்பி நடுவில் பேச்செடுத்தவர்கள் யாருக்கும் காரியம் முடிந்ததில்லை.